திருமலைப் பாதையின் பாறைகளைப் பக்தியோடு பார்ப்பது எப்படி?

அலிபிரியிலிருந்து நடந்து திருமலைக்கு ஏறும்போது தெரிகிற பாறைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மலைமேல் இயற்கையாக அமைந்த கல் வளைவான சிலாதோரணத்தில் சங்கும் சக்கரமும் பாம்பின் படமும் தெரிவதாக உங்கள் அம்மா காட்டினார். உடன் வந்த தம்பி, அது மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்த வேலை என்று சொன்னான். அம்மாவுக்கு மனசு சங்கடமாகிவிட்டது. யார் பேச்சைக் கேட்டு இந்தப் பாறைகளை ரசிப்பது என்பது உங்கள் கேள்வி.

இரண்டு பேரும் சரி என்று பொதுவாகச் சொல்லி நழுவிவிட எனக்கு விருப்பமில்லை. நான் பக்தியோடு அந்த மலை ஏறுகிறவன், பாறைகளைப் பற்றிப் படித்தவனும்கூட. என் கருத்து இதுதான்: மலையே வணங்கத் தகுந்தது என்று நம்புகிறவர், அந்த மலையின் கல்லை மற்ற எல்லாரையும்விட நெருங்கிப் பார்க்க வேண்டும். நடைமுறையில் நம்மில் பெரும்பாலோர் படிகளை எண்ணுகிறோம், தரிசன வரிசையைப் பற்றிக் கவலைப்படுகிறோம், கல்லைப் பார்ப்பதே இல்லை. உங்கள் அம்மாவும் தம்பியும் நின்று பார்த்திருக்கிறார்கள். அதுவே பெரிய விஷயம்.

முதலில் பக்தியின் பக்கத்தைச் சொல்கிறேன். திருமலையில் கோயில் மட்டும் புனிதம், மலை வெறும் மேடை என்று வைணவ மரபு ஒருநாளும் சொன்னதில்லை. ஏழு மலைகளும் ஆதிசேஷனின் படமெடுத்த தலைகள் என்பது நம்பிக்கை. சேஷனின் தலை திருமலையில், உடல் அகோபிலத்தில், வால் ஸ்ரீசைலத்தில் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வரைபடத்தை எடுத்து இந்த மூன்று ஊர்களையும் பாருங்கள். தெற்கே சேஷாசலம், வடக்கே நல்லமலை என்று மலைத்தொடர்கள் வளைந்து வளைந்து வடக்கு நோக்கிப் போவது தெரியும். கடப்பைப் படுகை என்று புவியியலில் சொல்லப்படும் பெரும் பாறைப் பகுதி இது. மொத்தமாகப் பார்த்தால் பிறை வடிவம், அதன் கிழக்குப் பக்கம் முழுக்க மடிந்து நெளிந்த மலைகள். வானத்திலிருந்து பார்க்க வழியில்லாத காலத்தில், நடந்தே திரிந்த மக்கள் இந்த நெளிவை ஒரு பாம்பாகக் கண்டிருக்கிறார்கள். அந்தப் பார்வையில் பக்தி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கூர்மையும் இருக்கிறது.

ராமானுஜர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆதிசேஷனே மலையாக இருக்கும்போது அதன்மேல் காலை வைப்பதா என்று அவர் தயங்கினார் என்றும், கடைசியில் முழங்காலால் ஏறினார் என்றும் சொல்வார்கள். முழங்கால் முறிச்சான் என்று நம்மவர்கள் சொல்லும் கடைசிச் செங்குத்து ஏற்றத்தில் இன்றும் பல பேர் முழங்காலால் ஏறுவதைப் பார்க்கலாம். குலசேகராழ்வார் கேட்ட வரங்கள் இதையும் தாண்டிப் போகின்றன. அரச வாழ்வு வேண்டாம், அந்த மலைச் சுனையில் மீனாகப் பிறந்தால் போதும், செண்பக மரமாக நின்றால் போதும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார். நடுவில் மலைச் சிகரமாக இருக்க வேண்டும் என்கிறார், பிறகு காட்டாறாக ஓட வேண்டும் என்கிறார், அப்புறம் அடியார்கள் நடந்து வரும் பாதையாகக் கிடக்க வேண்டும் என்கிறார், வாசல் படியாக வேண்டும் என்கிறார். முடிவில், அந்த மலையில் ஏதோ ஒன்றாக இருந்தால் போதும் என்று முடித்துவிடுகிறார். கருவறை வாசற்படிக்குக் குலசேகரன் படி என்று பெயர் வந்தது இதனால்தான். அங்கே ஒரு கல்லாகக் கிடப்பதைப் பேறு என்று நினைத்த ஒருவரின் வழியில் வந்தவர்கள் நாம். அந்தக் கல் என்ன கல், எப்படி வந்தது என்று கேட்பது பக்திக்கு எப்படிக் குறைவாகும்?

இன்னொன்று, செதுக்காத கல்லை வணங்குவது நமக்குப் புதிதில்லை. வீட்டில் சாளக்கிராமம் வைத்துப் பூஜை செய்கிறவர்களைக் கேளுங்கள். நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கறுப்புக் கல்லுக்குள் சுருள் சுருளாக இருப்பது, கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் புதைபடிவம். இது தெரிந்த பிறகும் பூஜை நிற்கவில்லை. கடலடியில் வாழ்ந்த ஒன்று இமயத்தில் கிடைக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அதைக் கையில் எடுக்கவே தயக்கமாக இருந்தது, அவ்வளவு மரியாதை கூடியது.

சரி, இப்போது பாதைக்கு வருவோம். அலிபிரிப் பாதை சுமார் 9 கிலோமீட்டர், ஏறத்தாழ 3550 படிகள். ஸ்ரீவாரி மெட்டுப் பாதை குறுகியது, 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், 2388 படிகள். பாறை பார்க்க வேண்டும் என்றால் நான் அலிபிரியைத்தான் சொல்வேன். நீளம் அதிகம் என்பதால் மலை மெல்ல மெல்ல மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

அடிவாரத்தில் உருண்டு திரண்ட பாறைகள். இவை கிரானைட் வகை. பூமிக்குள் ஆழத்தில் உருகிய குழம்பு மெதுவாக ஆறி இறுகியது. வயது 250 கோடி ஆண்டுகளுக்குப் பக்கம். இந்தப் பாறையில் அடுக்கே இருக்காது. விரிசல்கள் வழியாகத் தண்ணீர் இறங்கி மூலைகளை முதலில் அரிக்கும். ஒரு மூலையைத் தண்ணீர் மூன்று பக்கத்திலிருந்தும் தாக்க முடியும், தட்டையான முகத்தை ஒரு பக்கத்திலிருந்துதான் தாக்க முடியும். அதனால் சதுரமாகப் பிளந்த கல் காலப்போக்கில் உருண்டையாகிவிடுகிறது. படி ஏறத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தலையேறு குண்டு என்ற பாறை வரும். அனுமார் உருவம் செதுக்கிய பாறை. தலைவலியும் முழங்கால் வலியும் வராமல் இருக்க நெற்றியையும் முழங்காலையும் அதில் வைத்து வேண்டிக்கொள்வார்கள். அப்படி வைத்து வைத்து அங்கங்கே கல் குழிந்து வழவழவென்று இருக்கிறது. குனிந்து பாருங்கள். எஃகு உளிக்கே எளிதில் மசியாத கல், மனிதத் தோல் பட்டுப் பட்டுக் குழிந்திருக்கிறது. தண்ணீரும் காற்றும் பாறையை எப்படி மாற்றும் என்று தம்பி சொன்னாரே, அதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. உங்கள் அம்மாவின் பக்திக்கும் அதே குழிதான் சாட்சி.

அதற்கு மேல் செங்குத்தான ஏற்றம். மூச்சு வாங்கிக்கொண்டு காலி கோபுரத்துக்கு வருவோம். அங்கே உட்கார்ந்து கீழே திருப்பதி நகரத்தைப் பார்ப்பவர்கள் அதிகம். நீங்கள் கொஞ்சம் திரும்பி மேலே தெரியும் மலை முகங்களையும் பாருங்கள். அங்கே பாறை வேறு மாதிரி இருக்கும். செங்குத்துச் சுவராக, கிடைமட்டமான வரிகளோடு, மாலை வெயிலில் செந்நிறமாக. இது குவார்ட்சைட். ஒரு காலத்தில் ஆழம் குறைந்த கடலின் கரையோரத்தில் படிந்த மணல். மேலே மேலே படிவுகள் சேர்ந்த பாரத்தில் இறுகி, மணல் மணியும் மணியும் ஒட்டிக் கல்லாகிவிட்டது. உடைந்த ஒரு துண்டை, மழையில் நனைந்து கிடக்கும்போது, கண்ணருகே வைத்துப் பார்த்தால் சர்க்கரை போல மின்னும். ஒவ்வொரு மினுக்கும் ஒரு மணல் மணி. பலகை பலகையாகப் பெயர்ந்து கிடக்கும் சில கற்களின் மேல்பரப்பில் சிறு சிறு வரப்புகள் தெரியும். கடற்கரை ஈர மணலில் அலை விட்டுப்போகும் தழும்புகள்தான் அவை. அந்த அலை அடித்தபோது கரையில் புல் கிடையாது, மரம் கிடையாது, கடலில் மீனும் கிடையாது. நுண்ணுயிர்கள் மட்டும்தான். மணல் இறுகிவிட்டது, அலை போன தடம் அப்படியே இருக்கிறது.

இந்த மலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கோயிலுக்கு அடுத்தபடியாக ஒன்று உண்டு. அது நடைபாதையில் இல்லை, வாகனங்கள் போகும் மலைச்சாலையின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே கீழே இருக்கிற அடுக்கில்லாத பழைய பாறையும் மேலே இருக்கிற அடுக்குப் பாறையும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருப்பது வெட்டவெளிச்சமாகத் தெரியும். கீழே இருப்பது 250 கோடி ஆண்டு, மேலே இருப்பது சுமார் 160 கோடி ஆண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் 80 கோடி ஆண்டுகளுக்கு மேல் காணாமல் போயிருக்கின்றன. அந்தக் காலத்தில் பழைய மலைகள் தேய்ந்து தேய்ந்து சமதரையாகின, பிறகு கடல் வந்து அதன்மேல் மணல் பரப்பியது. வில்லியம் கிங் என்ற புவியியலாளர் 1872-இல் கடப்பைப் பகுதிப் பாறைகளைப் பற்றி எழுதியபோது இதைப் பதிவு செய்தார். இந்தியப் புவியியல் ஆய்வு மையம் இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. புவியியலில் இப்படிப்பட்ட கோடுகளுக்குத் தனி மரியாதை உண்டு. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் ஹட்டன் 1788-இல் இப்படி ஒரு கோட்டைக் கடலோரப் பாறையில் பார்த்துத்தான் பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளாக இருக்கவே முடியாது என்பதை நண்பர்களுக்குக் காட்டினார். அங்கே கோட்டுக்குள் இருக்கும் காலம் சில கோடி ஆண்டுகள். நம் மலையில் இருப்பது அதைவிடப் பல மடங்கு. அடுத்த முறை பேருந்தில் மலையிறங்கி வரும்போது, கண்ணை மூடித் தூங்காமல் சன்னல் பக்கம் உட்காருங்கள்.

இங்கே தம்பி ஒரு சந்தேகம் கிளப்பலாம்: இவ்வளவு பெரிய காலக் கணக்கு பக்தியை உலுக்காதா? ஐரோப்பாவில் ஹட்டன் காலத்தில் பலரை உலுக்கியதுதான். நம் மரபுக்கு அந்தப் பதற்றம் தேவையில்லை. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள் என்று கணக்கு வைத்திருந்தவர்கள் நாம். ஒவ்வொரு பூஜையிலும் சங்கல்பத்தில் சுவேத வராக கல்பம் என்று சொல்லித்தான் நாளையும் நேரத்தையும் சொல்கிறோம். அந்த வராகருக்குத்தான் திருமலையில் முதல் வணக்கம். இது அவருடைய இடம், சீனிவாசன் அவரிடம் கேட்டுத் தங்கினான் என்பது தல வரலாறு. வராகர் நீரில் மூழ்கிய பூமியைத் தூக்கி வந்தவர். அவர் சன்னிதி இருக்கும் இடத்துப் பாறை, கடலடியில் மணலாகக் கிடந்து இன்று சுமார் 850 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. புராணம் புவியியலை முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று நான் வாதாடமாட்டேன், அந்த வாதம் இரண்டையும் சிறுமைப்படுத்தும். ஆனால் இந்த இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொண்டு வராகர் முன்னால் நின்று பாருங்கள், சேவிக்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

அப்புறம் சிலாதோரணம். கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில், சக்கர தீர்த்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அகலம் சுமார் 8 மீட்டர், உயரம் சுமார் 3 மீட்டர். இதுவும் அதே குவார்ட்சைட்தான். விரிசல்களில் தண்ணீர் நுழைந்து, பலவீனமான அடுக்குகளைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டது. இறுக்கமான அடுக்கு மட்டும் மேலே பாலமாகத் தங்கிவிட்டது. நடுவில் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் தடித்த பாறைக் கூட்டம், அவற்றை இணைப்பது அந்த மெல்லிய பாகம் மட்டும்தான். பெருமாள் மலையில் அடி வைத்து வந்தபோது முதல் அடி நாராயணகிரி உச்சியில் உள்ள ஸ்ரீவாரி பாதத்தில், இரண்டாவது இங்கே, மூன்றாவது இப்போது கோயில் இருக்கும் இடத்தில் என்பது நம்பிக்கை. மூலவரின் உயரமும் தோரணத்தின் உயரமும் ஒன்று என்றும் சொல்வார்கள்.

தோரணம் என்றால் வாசலுக்குக் கட்டுவது. மண்டபத்துக்கும் கோபுரத்துக்கும் சிற்பிகள் கல்லில் எவ்வளவு பாடுபட்டுத் தோரணம் செதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறோம். இங்கே உளியே படாமல் ஒரு தோரணம் நிற்கிறது. இதைக் கண்டு கை கூப்புகிறவரின் மனம் எனக்குப் புரிகிறது, நானும் கூப்புகிறேன். தண்ணீர் செய்தது என்று தம்பி சொன்னால், ஆமாம், தண்ணீர்தான் செய்தது. அந்தத் தண்ணீரும் பெருமாள் அனுப்பியது என்பது பக்தரின் பதில். இந்தப் பதிலை அறிவியலால் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அது வேறு தளத்தில் நிற்கிறது. எதைக் கொண்டு செய்தார் என்பதைப் பாறையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். யார் செய்தார் என்பது சன்னிதியில் நிற்கும் மனதுக்குத் தெரிகிற விஷயம்.

ஒரு தப்பான செய்தியை மட்டும் தயவுசெய்து பரப்பாதீர்கள். உலகத்திலேயே இப்படி மூன்று வளைவுகள்தான் இருக்கின்றன, ஆசியாவில் இது ஒன்றுதான் என்று நிறைய இடங்களில் சொல்கிறார்கள். உண்மையில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா என்ற ஒரே பூங்காவுக்குள் 2000-க்கும் மேற்பட்ட இயற்கை வளைவுகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆசியாவிலும் பல உண்டு. சீனாவில் இதைவிடப் பல மடங்கு பெரியவை இருக்கின்றன. அரிது என்பதால் நாம் இதை வணங்கவில்லை. அந்தத் தவறான பெருமையைச் சொல்லி, விவரம் தெரிந்த ஒரு பையன் அதை உடைத்தால், அவன் நம்பிக்கையையும் சேர்த்து உடைத்துவிடுவான். எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

வடிவங்கள் தெரிவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனித மூளைக்குக் கல்லிலும் மேகத்திலும் முகம் தெரிவது இயல்பு. மலைச்சாலையில் ஒரு பாறை முகட்டைக் காட்டிக் கருடன் என்பார்கள், இன்னொன்றைப் பெருமாளின் திருமுகம் என்பார்கள். நின்று பார்த்தால் எனக்கும் தெரிகிறது. தெரியவில்லை என்றாலும் குற்றமில்லை. உங்கள் அம்மா காட்டிய சங்கு தம்பிக்குத் தெரியாமல் போனால் அவனுக்குப் பக்தி இல்லை என்று அர்த்தமாகாது. என் மனதில் இதற்கு இரண்டாம் இடம்தான். வடிவம் தெரிந்த பாறைக்கு முன்னால் மட்டும் கும்பிட்டு, மற்றவற்றின்மேல் தண்ணீர்ப் பாட்டிலை வீசிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மலை முழுவதும் சேஷன் என்றால் குப்பை விழுகிற இடமும் சேஷன்தான். பாறையில் பெயர் கிறுக்குவதும் அப்படியே.

பார்க்க ஏற்ற நேரம் எது என்றால், விடிந்து வெயில் சாய்வாக விழும் நேரம். உச்சி வெயிலில் பாறை தட்டையாகத் தெரியும், அடுக்குகள் மறைந்துவிடும். சாய்வு வெயிலில் ஒவ்வொரு அடுக்கும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் காடு பச்சையாக இருக்கும், பாறை இடுக்குகளில் நீர் கசியும், தோரணத்தைச் செய்த வேலை இன்னும் நடந்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். வழியில் செஞ்சந்தன மரங்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உலகத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயல்பாக வளரும் மரம் அது. மண் அதிகம் இல்லாத, இந்தக் கல் பாங்கான சரிவுதான் அதற்குப் பிடிக்கும். காட்டு விலங்குகள் நடமாட்டம் உண்டு என்பதால் நடைபாதைக்கு, முக்கியமாகக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு, நேரக் கட்டுப்பாடுகள் போடுகிறார்கள். அவை மாறும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சிலாதோரணத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் வேலியைத் தாண்ட வேண்டாம். மெலிந்த நடுப்பாகம் நம் எடையைத் தாங்குமா என்று சோதிக்கிற இடமில்லை அது.

இதெல்லாம் பார்த்த பிறகும் ஆசை தீரவில்லை என்றால், தம்பியையும் அழைத்துக்கொண்டு பங்குனிப் பௌர்ணமியில் தும்புரு தீர்த்தத்துக்குப் போய் வாருங்கள். அந்தத் தீர்த்தத்தின் விசேஷ நாளை ஒட்டித்தான் பக்தர்களைக் காட்டு வழியில் அங்கே போகவிடுகிறார்கள். மலை நேராகப் பிளந்த மாதிரி இரண்டு பக்கமும் குவார்ட்சைட் சுவர்கள் செங்குத்தாக நிற்க, நடுவில் தண்ணீர். நெடுக அடுக்குகள் தெரியும், ஒரு பக்கச் சுவரில் இருக்கும் அடுக்கை எதிர்ச் சுவரில் தேடிப் பாருங்கள். ஏற்ற இறக்கம் கடினமான வழி, அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்குமா என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். அவர் வர முடியாவிட்டால் சக்கர தீர்த்தத்தில் உட்காரவைத்துவிட்டுப் போகலாம். அங்கேயும் அதே பாறையில்தான் தண்ணீர் விழுகிறது.